உங்களுக்காக நான் சொன்ன ‘இல்லை’

அக்கா,

சனிக்கிழமை உங்கள் மகள் வந்து உங்களுடைய குளிர்கோட்டைத் தந்துவிட்டுப் போனாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன அதே நீலக் கோட்டு. ஆஸ்பத்திரி தந்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டியபடியே இத்தனை மாதம் கிடந்திருக்கிறது. அவிழ்த்ததும் அந்த மணம் வந்தது. உங்கள் அறை வாசலில் சுவரில் தொங்கிய குப்பியிலிருந்து கையில் பீச்சித் தேய்ப்போமே, அந்த மருந்துத் தண்ணீரின் மணம்.

கோட்டைத் தருவதற்காக மட்டும் அவள் வரவில்லை. என்னிடம் ஒன்று கேட்கத்தான் வந்தாள். நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

டோர்ட்மண்டில் அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருவரும் எத்தனை வருடம் உருளைக்கிழங்கு உரித்தோம்! பொறுப்பாளர் அம்மா வந்து எங்கள் நகங்களைப் பார்ப்பார், சூப்புக்குள் வெப்பமானியை விட்டுப் பார்ப்பார், நாங்கள் கை கழுவும் நேரத்தைக்கூட எண்ணுவார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நீங்கள் என் காதுக்குள் சொல்வீர்கள்: “இந்த நாட்டில கிருமியும் டெர்மின் எடுத்து, நாள் குறிச்சுத்தான் வரும், பிள்ளை.” நான் சிரிப்பை அடக்க முடியாமல் குளிரறைக்குள் ஓடிப்போவேன்.

டெர்மின்! உங்கள் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அதை எடுப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? ஏழு மாதம் காத்திருந்தீர்கள். வைகாசியில் மகளுக்குக் கலியாணம். “மணவறையில கதிரை போட்டு இருக்கிற தாயாய் நான் இருக்கமாட்டன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அந்தத் தேதி தவறினால் அடுத்தது கோடைக்குத்தான் என்றார்கள்.

இடையில் கோயில் திருவிழாவுக்கென்று யாழ்ப்பாணம் போனீர்கள். அங்கே சலக்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தீர்கள். “கவலைப்படுவாள், சொல்லாதை” என்று மகளிடம் மறைத்துவிட்டு எனக்கு மட்டும் ரெலிபோனில் சொன்னீர்கள். திரும்பி வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சைக்கு ஒரு கிழமைக்கு முன் பதிவுக்குப் போனோம். உங்கள் ஜேர்மன் மொழி சமையலறைக்குப் போதும், டாக்டரிடம் போதாது. மகளுக்கு வேலைநாள். அதனால் எப்போதும்போல நான்தான் வாய். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்பிள்ளை தலையை நிமிர்த்தாமலே கேள்விகளை வாசித்தாள். சீனி வருத்தம், பிரஷர், ஒவ்வாமை. பிறகு, கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் வெளிநாட்டில் எங்காவது ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா என்று கேட்டாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் மருந்துக்கு மசியாத கிருமி ஏதும் ஒட்டியிருக்குமோ என்று அறியத்தான் அந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும், அக்கா. அதுதான் கொடுமை. எங்கள் இல்லத்துக்கே வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு கிழவரைக் கொண்டுவந்து, தனி அறையில் விட்டு, மூக்கிலும் பின்பக்கத்திலும் பஞ்சு விட்டு எடுத்துச் சோதித்து, முடிவு வருமட்டும் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஓம் என்றால் உங்களுக்கும் அதுதான். டெர்மின் போய்விடும் என்று பயந்தேன்.

பயம் மட்டுமா? பழக்கமும்தான். அகதி விசாரணைக்குப் போன நாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். கேட்டதற்கு மட்டும் மறுமொழி, இல்லை என்று சொல்லக்கூடியதற்கெல்லாம் இல்லை. அகதிகளைத் தங்கவைத்த ஹைமில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்த அண்ணை, வரும் வழியில் மூன்று நாள் எங்கே தங்கினேன் என்று வெள்ளந்தியாகச் சொல்லப்போய், வழக்கு இரண்டு வருடம் இழுபட்டது. கடவுச்சீட்டுக் கைக்கு வந்து இத்தனை காலமாகியும், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தாளும் பேனையுமாக இருந்தால் என் நாக்கு அகதியாகத்தான் பேசுகிறது.

“நைன்” என்றேன். இல்லை.

“என்னவாம் கேக்கிறா?” என்றீர்கள்.

“வழமையான கேள்விதான், அக்கா.”

நான் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தீர்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து நான்காம் நாள் முழங்கால் சிவந்து கொதித்தது. திறந்து கழுவினார்கள், மறுபடியும் திறந்து கழுவினார்கள். ஒரு மருந்து, இன்னொரு மருந்து, அதற்கும் மேலான மருந்து. எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லை. மஞ்சள் அங்கியும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் உங்களைப் பார்க்க விட்டார்கள். றப்பர் கையுறைக்குள்ளால் உங்கள் கையைப் பிடித்தபோது சூடு மட்டும் தெரிந்தது. “ஷெல் துண்டு பட்ட கால் இது, பிள்ளை. மருந்தில்லாமல் வேட்டியைக் கிழிச்சுக் கட்டித் தப்பினனான். இவ்வளவு மெசினையும் வைச்சுக்கொண்டு இவையளுக்கு ஏலாதாமோ?” என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு சிறுநீரகம் நின்றது. பிறகு நீங்களும் பேசவில்லை.

செத்தவீட்டில் சனம் குசுகுசுத்தது. “ஜேர்மனியில ஆரும் புண்ணில சாவினமோ? வேறென்னவோ இருக்கு.” சாகிறார்கள். பளபளக்கும் தரையிலும் சாகிறார்கள். கிருமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததா, இங்கேயே ஒட்டியதா என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். முன்பே சோதித்திருந்தால் வேறு மருந்தோடு தொடங்கியிருப்போம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வசனத்தை நான் உங்கள் மகளுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் இங்கே பிறந்தவள்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு ரெலிபோன் எடுத்து அந்த ஒன்பது நாளையும் அறிந்துவிட்டாள், ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட வக்கீலையும் பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியோ நீங்கள் கையெழுத்து வைத்த படிவத்தின் பிரதியை அனுப்பியிருக்கிறது. அதைத்தான் சனிக்கிழமை என் மேசையில் விரித்தாள்.

“அம்மா பொய் சொல்லமாட்டா, அன்ரி. அவை கேக்காமலே ‘இல்லை’ எண்ட பெட்டியில புள்ளடி போட்டிருக்கினம். அப்பிடித்தான் எழுதப்போறன். நீங்கள் கூட இருந்தனீங்கள்தானே?”

பிள்ளை பொய்வழக்கில் மாட்டிவிடக் கூடாது என்று நினைத்தேன். இல்லை, அதுவும் சாட்டு. எனக்கு நெஞ்சு தாங்கவில்லை.

“கேட்டவை, பிள்ளை. நான்தான் இல்லையெண்டு சொன்னனான்.”

அவள் என்னை அப்படிப் பார்ப்பாள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கண்ணேதான். “ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

உண்மை வாய்வரைக்கும் வந்தது, அக்கா. பாதி சொல்லியும் விட்டேனே, மீதியைச் சொல்ல என்ன? ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு ஏலாமல் போய்விட்டது.

“அம்மாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவ” என்றேன்.

அவள் அழுதாள். கடுதாசிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வழக்கு வேண்டாம் என்று எழுதிவிடப்போகிறாளாம். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, “நீங்கள் என்ன செய்வியள், அன்ரி. அவ சொன்னால் ஆரால மறுக்க ஏலும்” என்றாள். வீட்டில் உங்கள் படத்துக்கு இனி விளக்கு வைக்க மனம் வராது என்றும் சொன்னாள்.

நீங்கள் எழும்பி வந்து இல்லை என்று சொல்லமாட்டீர்கள் என்ற துணிவில்தான் சொன்னேன். உங்கள் மகள் இப்போது கோபித்துக்கொண்டிருப்பது உங்களோடு, அக்கா. என்னோடு இல்லை.