கடைசிக் குழியில் அசைந்த பந்து

சாண்ட்பி,
3 மார்ச் 1934

அன்புள்ள லயனல்,

உன் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் கோல்ஃப் கிளப்பின் வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம். உன்னைப் பற்றிய பக்கத்தை நான்கு முறை திருத்திவிட்டேன். 1904இல் மாவட்டப் பட்டம், 1908இல் அரையிறுதி, 1911 அமெச்சூர் இறுதியாட்டத்தில் கடைசிக் குழியில் ஹாலமிடம் தோல்வி, பிறகு போர், உன் தோள் காயம். பிழை இருந்தால் தயங்காமல் சொல்.

உன்,
அம்புரோஸ்


லீட்ஸ்,
7 மார்ச்

அன்பு அம்புரோஸ்,

தேதிகள் சரி. ஒரு வரி குறைகிறது.

கடைசிக் குழியருகே ஹாலம் மட்டையைத் தரையில் வைத்ததும் அவன் பந்து அசைந்தது. விதிப்படி அவன் மட்டையடிக் கணக்கில் அபராதமாக ஒன்று கூடியிருந்தால் அந்தக் குழி சமன், ஆட்டம் நீண்டிருக்கும். நடுவரான நீ நாலடி தள்ளி நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ குறிப்பேட்டைப் பார்த்தாய்.

நானே கேட்டிருக்கலாம். நடுவர் நிற்கும்போது எதிராளியைக் கள்ளன் என்று சொல்ல நம்மை யாரும் வளர்க்கவில்லையே! "வாயத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்று என் மனைவி எடித் சாகும்வரை ஏசினாள். "அம்புரோஸே ஒருநாள் சொல்லுவான், பாரு" என்பேன்.

கோப்பை வேண்டாம். அந்த வரியை எழுது.

லயனல்


சாண்ட்பி,
19 மார்ச்

அன்புள்ள லயனல்,

பார்த்தேன். இதை இப்போதுதான் முதன்முறையாக எழுதுகிறேன். காற்றோ, என் கண்ணாடியின் கோளாறோ என்று யோசித்து முடிப்பதற்குள் ஹாலம் அடித்துவிட்டார். பந்து விழுந்தது, கூட்டம் கைதட்டியது.

அந்த வரியைச் சேர்த்து, நேற்று கிளப்பின் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். ஹாலம்தான் இப்போது தலைவர், உனக்குத் தெரியும். "என்னப்பா தர்க்கெட்டில், அந்தப் பந்து அசைஞ்சு இங்க வந்துசேர இருபத்து மூணு வருஷமா ஆச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, "தோல்வியிலும் முறையிடாத பெருந்தன்மையாளர்" என்று உன்னைக் குறித்திருக்கிறேன். சரியாக வந்திருக்கிறதா?

உன்,
அம்புரோஸ்


லீட்ஸ்,
22 மார்ச்

திரு. தர்க்கெட்டில் அவர்களுக்கு,

அன்று நீங்கள் பயந்துபோனீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடிந்தது.

சிரிப்பீர்கள் என்று நான் நினைத்ததில்லை.

என் பக்கத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். ஈஸ்டருக்கு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வரவேண்டாம்.

இப்படிக்கு,
லயனல் கார்சைட்