பச்சைக் கோடு போட்ட ஷூ

ஓமஹா
1987 பிப்ரவரி 12

என் இடெல்லாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போனில் நீ சிரித்து மழுப்பிவிடுகிறாய், எழுதினால்தான் நம்புவேன் என்று சொன்னாயே, அதனால் எழுதுகிறேன். கிளப் பிடித்துக் கொடுத்த ஹோட்டலில் கட்டில் எனக்குக் குட்டை. காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். இதை நம் பெண் கோராவிடம் சொல், சிரிப்பாள்.

நடந்ததை முழுசாகக் கேட்டாய். செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து குளித்துவிட்டு வெளியே வந்தால் ஸ்டிரிக்லர் கதவோரம் நிற்கிறார். கையில் காபி. "வெண்டல், உன்னை ஓமஹாவுக்குக் கொடுத்துட்டோம்பா. சாயங்காலம் ஃப்ளைட்டு" என்றார். ஒரு கிளப்பை நடத்துகிற மேனேஜர், நாலு வருஷமாகத் தன்னிடம் கூடைப்பந்து ஆடியவனிடம் பேசுகிற பேச்சா இது? என்னைக் கொடுத்து இன்னொருவனை வாங்கிக்கொண்டார்கள், முடிந்தது கதை. சந்தையில் மாட்டை விற்கிறவன்கூட அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அனுப்புவான். நீ ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாய். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பையோடு ஓடினேன்.

ஒரு வேடிக்கை கேள். டிசம்பர் முழுக்க என்னைக் காயப் பட்டியலில் போட்டு, கோட்டு சூட்டோடு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள் அல்லவா. அணியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதின்மூன்றாவது ஆளையும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் யாருக்காவது முழங்கால் வலிக்க வேண்டும். அந்த இளித்தவாயன் நான்தான். இப்போது இங்கே டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மாற்றம் செல்லும். அவர் என்னை மேசையில் படுக்கவைத்து, "எந்த முழங்கால்?" என்றார். எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. வலதைக் காட்டினேன். "இடதுன்னு எழுதியிருக்கே" என்றார். "அது அப்பப்போ இடம் மாறும் டாக்டர்" என்றேன். அவரும் இந்தத் தொழிலில் இருக்கிறவர்தானே, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு ஊரா என்று நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. என் கையில் என்ன இருக்கிறது, சொல். திட்டுவதானால் ஸ்டிரிக்லரைத் திட்டு. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நீயும் கோராவும் கிளம்பி வந்துவிடுங்கள்.

உன்
வெண்டல்


லூயிவில்
பிப்ரவரி 20

வெண்டலுக்கு,

கடிதம் வந்தது. கோராவுக்கு நீ அனுப்பிய கலர் படமும் வந்தது. அவள் அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளையெல்லாம் கூட்டி வந்து காட்டுகிறாள். அவளுக்குச் சளி விட்டுவிட்டது. எனக்குத்தான் எதுவும் விடவில்லை.

இந்த ஊர்தான் கடைசி என்று என் அம்மா முன்னால் கையடித்துச் சொன்னவன் நீ. அங்கே வந்தால் கோராவுக்கு அது மூன்றாவது பள்ளிக்கூடம். ஒவ்வொரு ஊரிலும் புது நர்ஸாகப் போய் நின்று, யாருக்கும் வேண்டாத ஷிஃப்டாகப் பார்த்துப் பார்த்து, இங்கேதான் பிரசவ வார்டை என் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை பெட்டி கட்ட மாட்டேன் என்று நான் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. நீ போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே வருகிற சாமான் இல்லை நான்.

உன் ஸ்டிரிக்லரை நான் விடவில்லை. அவர் கிடைக்கவில்லை, அவருடைய மனைவி கிடைத்தார். சனிக்கிழமை கறிக்கடையில் எனக்கு முன்னால் நின்றார். "உங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி நல்லா தூக்கம் வருதாம்மா? ஒரு குடும்பத்தை ரெண்டாப் பிச்சுப் போட்டுட்டு எப்படித்தான் தூங்குறாரோ" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அந்தம்மா முகம் வெளுத்துப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இடெல்லா, நீ வந்து..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திவிட்டுக் கறியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. திட்டு வாங்கியவள் பார்க்கிற பார்வை இல்லை அது. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரி இருந்தது.

சரி, இன்னொன்று கேட்கிறேன். படத்தில் நீ பச்சைக் கோடு போட்ட ஷூ போட்டிருக்கிறாய். ஓமஹாவின் பச்சை. உன் கால் அளவு பதினாறு. எந்த ஊர்க் கடையிலும் அது கிடைக்காது. கம்பெனிக்குச் சொல்லிவைத்தால் செய்து வர மூன்று வாரம் ஆகும். இந்தக் கிளப்புக்கு வந்த புதிதில் சிவப்புக் கோட்டு ஷூ வருகிற வரைக்கும் பழைய நீலத்தைப் போட்டுக்கொண்டு ஆடினாய், ஊரே கேலி செய்தது. செவ்வாய்க்கிழமை மதியம் தெரிந்தது என்கிறாய். புதன்கிழமை எடுத்தது என்று படத்தின் பின்னால் எழுதியிருக்கிறாய். ஷூவுக்கு மட்டும் முன்கூட்டியே யார் சொன்னார்கள்?

நான் சந்தேகப் பிராணிதான். அதை நீ சொல்ல வேண்டாம். பதிலை மட்டும் சொல்.

இடெல்லா


ஓமஹா
பிப்ரவரி 26

என் கண்ணு இடெல்லா,

ஒரு ஷூவுக்கு இவ்வளவு பெரிய விசாரணையா? நீ நர்ஸ் வேலைக்குப் போனதற்குப் போலீஸில் சேர்ந்திருக்கலாம். இங்கே சாமான்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், கைதேர்ந்தவர். என் பழைய ஷூவின் சிவப்பின் மேல் மார்க்கர் பேனாவால் பச்சை அடித்துக் கொடுத்தார். போதுமா?

அதை விடு, நல்ல சேதி கேள். நான் ஆடுகிறேன். சும்மா கடைசியில் இறக்கிவிடுகிற ஆட்டம் இல்லை, முதல் ஐந்து பேரில் ஒருவனாக இறங்குகிறேன். திங்கட்கிழமை ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கோச் பலகையில் கோடு போட்டுக் காட்டிவிட்டு, "பந்து வெண்டலுக்குத்தான் போகணும்" என்றார். இருபத்தைந்து வயதுப் பயல்கள் நின்றுகொண்டிருக்கும்போது என்னைச் சொன்னார். போட்டேன், விழுந்தது. ஒருத்தன் என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டான். முப்பத்திரண்டு வயதில் கால் இரண்டும் காற்றாகிவிட்ட மாதிரி இருக்கிறது, இடெல்லா. இதை யாரிடம் சொல்வேன், உன்னிடம்தான்.

ஒரு வீடு பார்த்தேன். பின்னால் பெரிய இடம், கோராவுக்கு ஊஞ்சல் கட்டலாம். இங்கேயும் பிள்ளை பெறுகிறார்கள், ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போயேன். கறிக்கடையில் சண்டை போடுவதை மட்டும் விட்டுவிடு. நடந்தது நடந்துவிட்டது, ஸ்டிரிக்லரையும் அவர் பெண்டாட்டியையும் இனி நாம் ஏன் நினைக்க வேண்டும்?

உன்
வெண்டல்


லூயிவில்
மார்ச் 6

வெண்டல்,

முதல் கடிதத்தில் ஸ்டிரிக்லரைத் திட்டு என்றாய். இரண்டாவதில் விட்டுவிடு என்கிறாய். நடுவில் என்ன ஆயிற்று? நான் அவருடைய மனைவியிடம் பேசினேன், அவ்வளவுதான் ஆயிற்று.

படத்தைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பச்சை மேலே பூசினதில்லை, தைத்தது. கோரா, "அப்பா படத்தை ஏம்மா எடுத்தே" என்று அழுதாள். திரும்ப ஒட்டிவிட்டேன்.

நேற்று ஜோனெட்டா வந்தாள். அவள் புருஷன் பியூஃபோர்டு உன்னோடு இரண்டு வருஷம் ஆடினவன்தானே, அவளிடம் மனம் விட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். உன்னை மாட்டை விற்கிற மாதிரி விற்றுவிட்டார்கள் என்று சொல்லி அழுதேன். ஆமாம், அழுதேன். அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"யாருடி உனக்கு இப்படிச் சொன்னது?"

"வெண்டல்தான்."

"அவனுக்கு இந்த வருஷம் ஒரு வருஷ ஒப்பந்தம்தானே? அதுவும் இதே கிளப்போட மறுபடி போட்டது?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்படின்னா அவன் சரின்னு சொல்லாம அவனை அசைக்க முடியாதுடி. வேற ஊருக்குப் போனா ஒரே கிளப்புல இருந்ததுக்குக் கிடைக்கிற சலுகை போயிடும், அதனால ஆளைக் கேட்டுத்தான் ஆகணும்னு ரூல். போன வருஷம் எங்க வீட்டுக்காரரையும் கேட்டாங்க. நான் குளியலறை வாசல்ல நின்னுக்கிட்டு 'முடியாதுன்னு சொல்லு'ன்னேன், சொன்னாரு. அதான் இன்னும் இங்க இருக்கோம். பொண்டாட்டிங்க எல்லாருக்கும் இது தெரியுமே."

எனக்குத் தெரியாது. நான் ஆட்டத்துக்கு வந்து மற்ற மனைவிகளோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால்தானே தெரியும். நான் வார்டில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் கத்தவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். அவர்கள் உன்னைக் கேட்டார்களா? நீ சரி என்றாயா? ஆமாம் இல்லை என்று எழுது. ஊஞ்சலைப் பற்றி எழுதாதே.

இடெல்லா


ஓமஹா
மார்ச் 11

அன்பு இடெல்லா,

ஜோனெட்டா எந்த வீட்டில்தான் தீ வைக்கவில்லை. ஒப்பந்தம் என்றால் அதில் நூறு நெளிவு சுளிவு இருக்கும். அவளுக்குத் தெரிந்தது அவள் வீட்டுச் சமாசாரம் மட்டும்தான். கேட்டார்கள் என்றே வைத்துக்கொள். மாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபடி முழங்காலில் கட்டு, மறுபடி கோட்டு சூட்டு, வருஷக் கடைசியில் கையைக் குலுக்கிக் கழற்றிவிட்டிருப்பார்கள். அப்புறம் நான் என்ன செய்திருப்பேன், கார் விற்றிருப்பேனா?

இதையெல்லாம் தாளில் எழுத முடியாது. பதினெட்டாம் தேதி அங்கேதான் எங்களுக்கு ஆட்டம். டிக்கெட் கவுன்டரில் உன் பேருக்கு ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன், முன்வரிசை. ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் கிடைக்கும், பஸ் கிளம்புவதற்குள் உட்கார்ந்து பேசலாம். கோபமாக இருந்தாலும் வா. உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

உன்
வெண்டல்


லூயிவில்
மார்ச் 19

வெண்டல்,

நேற்று வந்திருந்தேன். நீ வைத்த டிக்கெட்டை வாங்கவில்லை. என் காசில் ஒன்று வாங்கி, கூரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீ ஒவ்வொரு இடைவேளையிலும் முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாய். அதையும் பார்த்தேன்.

நன்றாக ஆடினாய். இங்கே உன்னைச் சூட்டு போட்டு உட்காரவைத்தவர்கள் முன்னாலேயே அவர்கள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள், "இவனைப் போய் ஏன்டா விட்டானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓடும்போது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. இறங்கி வந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். படி வரைக்கும் வந்தேன்.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் வறுத்துப் போட்டார்கள். வரிசையில் திருமதி ஸ்டிரிக்லர் நின்றார். தப்பு என் மேல் என்று தெரிந்துவிட்டதே, போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருப்பேன் இடெல்லா, புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்குன்னு வாயை மூடிக்கிட்டேன். இவருக்கே மனசு கேக்கல. ஜனவரியில வெண்டலைக் கூப்பிட்டு, 'ஓமஹாவுல கேக்குறாங்க, அவசரமில்ல, உன் வீட்டுல பேசிட்டு வந்து சொல்லு'ன்னாராம். மூணு நாள் கழிச்சு வெண்டல் வந்து, 'இடெல்லாகிட்ட பேசிட்டேன், அவளுக்கு முழுச் சம்மதம்'னானாம். நீ வேலையை விடுறியா, பொண்ணு ஸ்கூலுக்கு என்ன பண்ணுவீங்கன்னு இவர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். 'எல்லாம் அவளே யோசிச்சுட்டா'ன்னு சொன்னானாம்."

நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மூன்று நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மழை பெய்தது. நீ பாத்திரம் கழுவினாய், கோராவுக்குப் பல் விழுந்தது, என் கால் வலிக்கிறது என்று நீயே பிடித்துவிட்டாய். அந்த மூன்று நாளில் எப்போது வேண்டுமானாலும் வாயைத் திறந்திருக்கலாம்.

கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன், வெண்டல். முதலில் கத்தியிருப்பேன். இரண்டு தட்டு உடைந்திருக்கும். என் அம்மாவைக் கூப்பிட்டு உன்னைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருப்பேன். அப்புறம் பெட்டியைப் பரணிலிருந்து நானே இறக்கியிருப்பேன். டிசம்பரில் அந்தச் சூட்டைப் போட்டுக்கொண்டு நீ கண்ணாடி முன்னால் நின்ற நிற்பை நான் பார்க்காமலா இருந்தேன்? அந்த மனிதனுக்காக நான் எந்த ஊருக்கும் வந்திருப்பேன். நீ எனக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. கேட்காமலே என் பதிலையும் நீயே சொல்லிவிட்டாய். போதாக்குறைக்கு, ஒன்றும் செய்யாத மனிதரை நான் ஊர் முன்னால் ஏசும்படி விட்டுவிட்டு, முழங்கால் கதை சொல்லிச் சிரிக்க வைத்தாய்.

கோராவைக் கேட்டேன். கோடை விடுமுறைக்கு அங்கே வர ஆசை என்கிறாள். அனுப்புகிறேன், ஊஞ்சல் கட்டிவை.

நான் வரவில்லை. எனக்குச் சம்மதமில்லை. அங்கே யாராவது கேட்டால், இடெல்லாவைக் கேட்டேன், முடியாது என்றுவிட்டாள் என்று சொல். இந்தத் தடவை அது உண்மையாக இருக்கும்.

இடெல்லா