அண்ணன் பெயரை எழுதினேன்

ஆகஸ்ட் 5
கடைசி வகுப்பில் கருத்துக்கணிப்புத் தாள் தந்தார்கள். ‘காதலிப்பவர் அடித்தால் புகார் கொடுப்பீர்களா?’ நான் ‘ஆம்’ போட்டேன். பக்கத்தில் குருவியும் ‘ஆம்’ போட்டாள். குருவி என் விடுதி அறைத்தோழி. இரண்டு வருடமாக என் அண்ணனின் காதலி. அவனுக்கு இதே கல்லூரியில் கடைசி வருடம்.

ஆகஸ்ட் 9
இந்த வெயிலில் குருவி முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். ஆய்வகத்தில் கையை மடித்துவிடச் சொன்னார்கள். முழங்கைக்குக் கீழே நான்கு விரல் தடம்.
“சுவத்துல இடிச்சுக்கிட்டேன்.”
சுவருக்கு ஏது விரல்? கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10
இன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17
பார்த்துவிட்டேன். நூலகத்தின் பின்படிக்கட்டில், மதியம் மூன்று மணிக்கு. அண்ணன் குருவியின் போனைப் பிடுங்கிப் பார்த்தான். ஓங்கி ஒரு அறை. அவள் கத்தவில்லை, விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். என்னைக் கண்டதும் அண்ணன், “சும்மா விளையாட்டுக்கு” என்றான். நான் — தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அறைக்கு வந்ததும், புகார் கொடு என்றேன்.
“யாரு நம்புவா? சாட்சிக்கு உன்னைத்தான் கூப்பிடுவாங்க. நீ உங்க அண்ணனை விட்டுக்கொடுப்பியா?”
எழுந்து விளக்கை அணைத்தேன்.

ஆகஸ்ட் 19
அம்மாவிடம் போனில் சொன்னேன். “தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. உனக்கு ஆடலையா? நீ ஒண்ணும் பாக்கலை, அவ்வளவுதான்.” அப்புறம், சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 22
கல்லூரியின் புகார்க் குழுவுக்கு நூலகர்தான் தலைவி. போய்ச் சொன்னதும் ஒரு வெள்ளைத் தாள் தந்தார். “பாத்ததை மட்டும் எழுதும்மா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

அண்ணன் பெயரை எழுதினேன்.

திரும்பி வந்து குருவியிடம் சொன்னேன். எழுந்து செருப்பை மாட்டினாள்.
“அந்த மேடம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?”

செப்டம்பர் 14
அண்ணனை ஒரு வருடத்துக்குக் கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் அவன் அறைக்குள் போய்க் கதவை ஓங்கிச் சாத்தினான். சட்டென்று அம்மா இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்பா இறந்தே ஆறு வருடம் ஆகிறது.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது அம்மாதான் பேசினாள். “உங்கப்பா என்னை அடிக்கிறப்பல்லாம் எதிர்வீட்டுல ஜன்னலைச் சாத்திக்குவாங்க.”

போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேரும் மடித்தோம்.