நான் பதியாத பெயர்

இன்று காலை பத்து மணிக்கு உங்கள் போன் பேசியது. "வணக்கம். இன்றைய பயிற்சியைத் தொடங்கலாமா?" பருத்திமார் விறகை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்த நான் எழுந்து ஓடினேன். பாதி வீட்டைத் தாண்டிய பிறகுதான் நீங்கள் செத்து நாற்பது நாள் ஆனது உறைத்தது. அந்தப் பேச்சுப் பயிற்சிச் செயலியை யாரும் நிறுத்தவில்லை. போனைச் சுவரில் அடிக்கத்தான் கை ஓங்கியது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே மூன்று முறை அடித்துவிட்டீர்கள், மச்சான். எனக்கு உடைக்க மிச்சம் வைக்கவில்லை.

உங்கள் மண்டையின் இடப்பக்கம் கடப்பாரை விழுந்தது, உங்கள் அண்ணனோடு நமக்கிருந்த பங்குக் கிணற்றடியில். அன்று மோட்டார் போடும் முறை நம்முடையது. பார்த்தவர் யாரும் இல்லை. வண்டியிலிருந்து விழுந்திருப்பீர்கள் என்று ஊர் சொன்னது. உங்கள் அண்ணனும் அதையே சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் மாரடித்து அழுதார். அவர் வேட்டியில் கிணற்று மண் இருந்ததை நான் பார்த்தேன். என் சந்தேகத்தை யார் கேட்பார்கள்? அடித்தவன் பெயர் உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும். உங்கள் வாயிலோ சொல்லே இல்லை.

"புத்தி அப்படியே இருக்கும்மா. நினைக்கிற சொல்லு மட்டும் வராது. வந்தாலும் வேற சொல்லு வரும்," என்றார் மதுரை டாக்டர். முதலில் திரும்பி வந்தது வசவுதான். கண் விழித்து என்னைப் பார்த்து "மூதி" என்றீர்கள். சந்தோஷத்தில் நான் அழுதுவிட்டேன். அப்புறம் தண்ணீர் கேட்டாலும் மூதி, டாக்டரைக் கும்பிட்டாலும் மூதி.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் அந்தச் செயலியை ஏற்றித் தந்தாள். படம் வரும், "இது என்ன?" என்று குரல் கேட்கும். குடை, சாவி, பூனை. தப்பாகச் சொன்னால் மணி அடிக்கும். மூன்றாவது மணிக்குப் போன் பறக்கும். ஒருநாள் அது என் கன்னத்து எலும்பில் விழுந்து ரத்தம் கொட்டியது. அப்படியும் ஆத்திரம் அடங்காமல் இடக்கையால் என் முடியைப் பிடித்து இழுத்தீர்கள். அன்று நானும் உங்களை அடித்தேன். தையல் போட்ட தலையை விட்டுவிட்டு, தோளிலும் முதுகிலும் கை வலிக்கும்வரை அடித்தேன். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். நீங்கள் போனை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். "சாவி," என்றீர்கள். சரியான விடை.

"வீட்டாளுங்க போட்டோவ ஏத்துங்கம்மா. பேர நீங்களே சொல்லிப் பதியுங்க, உங்க குரலுக்கு அவரு சீக்கிரம் பேசுவாரு," என்றாள் அந்தப் பெண். வள்ளி என்று என் பெயரைப் பதிந்தேன். என் தம்பி பால்பாண்டியின் பெயரைப் பதிந்தேன். வாரா வாரம் உங்களைத் தோளில் தாங்கி மதுரை பஸ்ஸில் ஏற்றியவன் அவன்தானே, அவனை நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நூறு தடவை சொல்ல வைத்தேன். உங்கள் பெயரையும் உங்கள் அண்ணன் பெயரையும் மட்டும் பதியவில்லை. புருசன் பெயரும் அவர் அண்ணன் பெயரும் நம் வீட்டுப் பெண்கள் வாயில் வராது. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தானே நீட்டுவேன்? "மெஷினுகிட்ட சொல்றதுக்கு என்னம்மா?" என்று அவள் சிரித்தாள். மெஷினிடமும் எனக்கு நாக்கு எழவில்லை. அந்த மடத்தனத்துக்கு என் தம்பி கூலி கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸோடு நம் முற்றத்துக்கு வந்தார். "ஒங்க மேல கை வச்சது யாருய்யா?" உங்கள் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணியது. பழகிய சொல்தான் முன்னால் வந்து விழுந்தது.

"பா... பால்பாண்டி."

எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த என் தம்பியை ஒரு போலீஸ் அறைந்தார். தம்ளர் தெறித்தது. "அக்கா, நா இல்லக்கா!" என்று கத்தியவனைச் சட்டையோடு பிடித்து ஜீப்புக்கு இழுத்தார்கள். தப்பான சொல் விழுந்தது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூதி, மூதி என்று அலறிக்கொண்டு தலையைத் தூணில் மோதினீர்கள். தையல் பிரிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. ஒற்றைக் கையால் உங்கள் அண்ணன் இருக்கும் எதிர்வீட்டைக் காட்டினீர்கள், யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நான் முற்றத்தின் நடுவில் நின்று கத்தினேன். "கருப்பசாமி! ஏ கருப்பசாமி! வெளிய வாடா!"

முப்பது வருடத்தில் அந்தப் பெயரை முதல் தடவையாகச் சொன்னேன். வாய் எரிந்தது. குற்றம் சொல்லியிருந்தால் அவன் கதவுக்குப் பின்னால் பதுங்கியே இருந்திருப்பான். பெயரைச் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கதவை உதைத்துக்கொண்டு கடப்பாரையோடு வந்தான். "தம்பி பொண்டாட்டி எம் பேரச் சொல்றதா? அன்னைக்கு அவனுக்கு ஒண்ணு போட்டது பத்தலடி, ஒனக்கும் போடுறேன்!" இன்ஸ்பெக்டர் தாவிப் பிடிப்பதற்குள் கடப்பாரை பட்டு என் இடது தோள் இறங்கிவிட்டது. அதோடு தம்பியை விட்டார்கள். ரத்தம் வழியும் முகத்தோடு நீங்கள் சிரித்தீர்கள். "கருப்பு," என்றீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத சொல்.

கிணற்றடியில் மண்டையில் விழுந்த அடியால் வந்த வலிப்பு உங்களை வழக்கு வரைக்கும் விட்டுவைக்கவில்லை. அவன் ஜாமீனில் எதிர்வீட்டில் இருக்கிறான். நான் வாசலுக்கு வரும்போதெல்லாம், இருக்கிறேன் என்று காட்ட இருமுகிறான். எனக்குப் பயம் இருக்கிறது, இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிதாகக் கோபம் இருக்கிறது.

நாளை அருப்புக்கோட்டை கோர்ட்டில் என் சாட்சி. முதல் கேள்வியே புருசன் பெயராம், வக்கீல் சொன்னார். அங்கே அட்டையை நீட்ட முடியாது. ஏ புள்ள என்று மட்டுமே கூப்பிட்ட நீங்கள், அந்தச் செயலியில் நாற்பத்தேழு தடவை வள்ளி என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் உங்கள் பெயரைச் சொன்ன குரல் எங்கும் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். உங்கள் போட்டோவை ஏற்றி, பதியும் இடத்தை அழுத்தினேன். எதிர்வீட்டில் இருமல் கேட்டது. முதல் இரண்டு தடவை பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டேன். மூன்றாவது தடவை உங்கள் பெயரை, உங்கள் அப்பா பெயரோடு சேர்த்து, தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

இருமல் நின்றுவிட்டது.