முதலில் நேராக நிற்கப் பழகு

குருநகர்
02.08.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெனிற்றா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் பாரிசில் நோய் நொடியில்லாமல் இருக்கப் புனித யாகப்பரை மன்றாடுகிறேன்.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு போன்தான். அதில் எழுதினால் உங்கள் தம்பி கண்டுவிடுவார், கதைத்தால் கேட்டுவிடுவார். கோயில் பெருநாளுக்குப் பாரிசிலிருந்து வந்த றஜிதா திங்கட்கிழமை திரும்பிப் போகிறாள். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியே இருந்து வாசியுங்கள்.

பெருநாள் இந்த முறை நல்ல கலாதியாக நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் கோயில் வளவு நிறைந்து போய்விட்டது. யாகப்பரின் சுருவம் ஊர்வலமாக எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது எல்லா வீட்டுக்காரரும் படலையில் மெழுகுதிரியோடு நின்றார்கள். எங்கள் வீட்டில் நானும் பிள்ளைகளும்தான் நின்றோம். இவர் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

வட்ஸ்அப்பில் நீங்கள் நடத்தும் படக் குழுவைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஊரை விட்டுப் போனவர்களையும் ஊரில் இருப்பவர்களையும் சேர்த்து நீங்கள் தொடங்கியது நல்ல காரியம். மாதம் ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம் எடுத்துப் போடுவது, எல்லோரும் நிறை குறை சொல்வது, கடைசியில் நீங்கள் தீர்ப்புச் சொல்வது. இவரும் எட்டு மாதமாக அதில் படம் போட்டு வந்தார். ஆனி மாதத் தலைப்பு 'எங்கடை கடல்'. இவர் போட்ட படத்தில் இறங்குதுறைக்கு வள்ளம் ஒன்று திரும்பி வருகிறது. கடல் வலப்பக்கமாகச் சரிந்திருக்கிறது.

அந்தப் படத்தின் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்து, 'இந்த மாதம் பிழைக்கு உதாரணம்' என்று போட்டீர்கள். கீழே எழுதியதை நான் மறக்கவில்லை. "தொடுவானம் சரிஞ்சு கிடக்கு. கடல் எல்லாம் ஒரு பக்கத்தால ஊத்துப்படப் போகுது. தம்பி, முதலில் நேராக நிற்கப் பழகு, பிறகு படம் எடுக்கலாம்." அதற்கு அறுபத்தொரு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே நாலு பேர். அவர்களுக்கு இவருடைய நிலை தெரியும். தெரிந்தும் போட்டார்கள். உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்னும் உங்களை அத்தான் என்று கூப்பிட்டு எழுதுகிறேன்.

போன வருடம் வைகாசியில் இவர் துறையில் வழுக்கி விழுந்து கால் சுளுக்கியது என்று உங்களுக்குச் சொன்னோம். அது பொய். இவர் எங்கள் ஊர் றஞ்சித்தின் வள்ளத்தில் கடலட்டை பிடிக்கப் போனவர். சிலிண்டர் கட்டி ஆழத்துக்கு இறங்கி, காற்று முடியப் போகிறதென்று பயந்து ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டார். வள்ளத்தில் ஏற்றும்போது நன்றாகத்தான் கதைத்தாராம். கரைக்கு வருமுன் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அப்படி வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்துவிடுமாம். நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உங்களுக்குக் கொழும்பில் வேலை என்று சொன்னோம். பிறகு வீட்டுக்கு வந்தது சக்கர நாற்காலியில். மற்றக் கஷ்டங்களை ஒரு பெண் தன் அத்தானுக்கு எழுத முடியாது. நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

அட்டைக்குப் போகாதே என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள். அதனால்தான் மறைத்தார். "அண்ணை சொன்னவர், நான் கேக்கேல்லை. இப்ப தெரிஞ்சா அவர் சரி, நான் பிழை எண்டு ஆயிடும். அவரின்ரை வாயாலை அதைக் கேக்க என்னாலை ஏலாது" என்றார். அந்தோனியார் படத்தில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை இன்று முறித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அத்தான். கிழமைக்குக் கிழமை வீடியோவில் கதைத்தீர்களே. இத்தனை மாதமாக அவரை இருந்தபடிதானே கண்டீர்கள்? "எப்ப பாத்தாலும் கதிரையிலதான் குந்திக்கொண்டிருக்கிறாய், உனக்கு நல்ல வாழ்க்கையடா" என்று நீங்கள் பகிடி விட்டபோது அவரும் சேர்ந்து சிரித்தார். ஏன் எழும்புவதில்லை என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். ஒரு படத்தில் மூலையில் கிடக்கிற செருப்பைக்கூடக் கண்டு பிழை சொல்கிறவர் நீங்கள்.

நியாயத்தையும் எழுத வேண்டும். இவர் பிறகு எழும்பி நடக்கத் தொடங்கியதுகூட உங்களால்தான். முதல் படங்கள் எல்லாம் யன்னலுக்குள்ளால் எடுத்தவை. மதில், காகம், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பு. அதற்கு நீங்கள், "ஏன் யன்னலுக்குள்ள ஒளிச்சு நிண்டு எடுக்கிறாய்? வெளியில போ, கிட்டப் போ" என்று எழுதினீர்கள். அதை வாசித்த அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் தந்த இரண்டு ஊன்றுபொல்லையும் கேட்டார். மாதக் கணக்கில் கதவுக்குப் பின்னால் கிடந்தவை அவை. முதல் நாள் படலை மட்டும். பிறகு ஒழுங்கை முடக்கு. மாசியில் சந்தை. பங்குனியில் வலை காயப்போடும் இடம். ஒவ்வொரு படத்துக்காகவும் கொஞ்சம் கொஞ்சம் கூடத் தூரம் போனார். கிளினிக்கில் டொக்டர், என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அண்ணை ஹோம்வேர்க் தாறார்" என்று இவர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

படம் எடுத்தால் முதலில் என்னிடம்தான் காட்டுவார். நான் நண்டுக் கொம்பனியில் நாள் முழுக்க நின்று நண்டு உடைத்துவிட்டு வருகிறவள். விரல் எல்லாம் ஓடு கீறிய காயம். திரும்பிப் பாராமலே நல்லாயிருக்கு என்பேன். "நீ பாக்காமலே சொல்லுறாய். அண்ணைதான் பாத்துச் சொல்லுவார்" என்பார். நீங்கள் வெட்டி எழுதினாலும் அவருக்குக் கோபம் வந்ததில்லை. மற்றவர்களின் படத்துக்கும் நேரம் எடுத்து எழுதுவார். சுவிசில் இருக்கும் சுவர்ணா போட்ட பனிப் படத்தில் நடந்து போன காலடி கொஞ்சத் தூரத்தில் நின்றுவிடுகிறது. எல்லோரும் அழகு என்று எழுத, இவர் மட்டும், அங்கே நின்று என்ன யோசித்தீர்கள் தங்கச்சி என்று கேட்டிருந்தார். அந்தப் பிள்ளை அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதியிருந்தது.

ஆனி மாதப் படம் எடுத்த காலையைச் சொல்கிறேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு இவரோடு இறங்குதுறைக்குப் போனேன். அந்த விபத்துக்குப் பிறகு இவர் கடலைக் கிட்டப் பார்த்தது அன்றுதான். இருந்துகொண்டு எடுங்கள் என்றேன். "இருந்து எடுத்தா மதில்தான் தெரியும், நிண்டு எடுக்கவேணும்" என்றார். ஒரு கையால் போனைப் பிடித்தால் நடுங்குகிறது என்று இரண்டு பொல்லையும் கீழே போட்டார். நான் பின்னால் நின்று அவருடைய பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு பொல்லும் இல்லாமல் என் மனுசன் நின்றார். வள்ளம் உள்ளே திரும்பும்போது அவருடைய வலக்கால் மடங்கியது. நான் இழுத்தேன். அந்த நேரம்தான் படம் எடுபட்டது. சரிந்தது கடல் இல்லை, அத்தான்.

வேறு நாலைந்து படம் நேராகவும் வந்தது. அதைப் போடுங்கள் என்றேன். "இல்லை, இதுதான். அண்ணை இதைப் பாக்கட்டும்" என்றார். ஏன் அதைத் தெரிவு செய்தார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. நானாக நினைக்கிறேன், வாயால் சொல்ல முடியாததைப் படத்தால் உங்களுக்குச் சொல்லப் பார்த்தார். நீங்கள் கேட்பீர்கள் என்று நம்பினார். சரிந்ததற்கு என்னடா காரணம் என்று ஒரு வார்த்தை.

உங்கள் தீர்ப்பு வந்த அன்று குழுவை விட்டு விலகினார். படங்கள் எல்லாவற்றையும் அழித்தார். நான் பார்க்காமல் நல்லாயிருக்கு என்று சொன்ன அத்தனை படமும் போய்விட்டது. இப்போது பார்க்க வேண்டும் போல இருக்கிறது, ஒன்றும் இல்லை. போனில் கமெராவை இனித் திறக்கமாட்டேன் என்றார். பொல்லுகள் இரண்டும் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அதற்குப் பிறகு மூன்று கிளினிக் தவறிவிட்டது. இப்படியே கிடந்தால் வந்த பலமும் திரும்பிப் போய்விடும், பிறகு வராது என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். முதுகில் புண்ணும் தொடங்கிவிட்டது.

நீங்கள் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். சிரித்தவர்கள் எல்லோரும் அதற்குக் கைகூப்பும் படம் போடுவார்கள், அவ்வளவுதான். படம் நல்லது என்று பொய்யும் சொல்ல வேண்டாம். பொய் நல்லாயிருக்குகள் இந்த வீட்டில் நான் நிறையச் சொல்லிவிட்டேன். முடிந்தால் டிக்கட் எடுத்து வாருங்கள். வந்து அவருடைய கட்டிலுக்குக் கிட்ட இருங்கள். நான் சொன்னேன், நீ கேட்கவில்லை என்ற கதையை மட்டும் எடுக்காதீர்கள். அதை அவர் ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் கிடக்கிறார்.

யார் சொன்னது என்று கேட்பார். ஜெனிற்றாதான் எழுதினாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சத்தியத்தை முறித்தவள் என்று என் முகத்தில் முழிக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். பரவாயில்லை. என்னைத் திட்டுவதற்காவது அந்த மனுசன் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பட்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் கண்ணைக் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி
ஜெனிற்றா