சவேரியார் கோயிலைப் பூட்டிய ஞாயிறு

மேல் டிவிசன்,
ஹாலிஎல.

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு அப்பா எழுதுவது. இயேசுவுக்கே புகழ். குவைத்தில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னை வைக்கிறோம், இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் எனக்குச் சுகமில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மா கையை விட்டு இறங்காது, அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. பண்டாரவளைக் கடைக்கார நௌபரின் மகள் ஜிப்னா நாளைக்கு உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாளாம், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் முழுக்க விடாத மழை. நம் சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கோயிலைக் கூட்டிவிட்டுப் பின்பக்கம் போனேன், பீடத்துச் சுவருக்கு மேலே இருக்கிற தேயிலைச் சரிவில் நீளமாக ஒரு வெடிப்பு. அன்றைக்கு விரல்தான் நுழைந்தது, மறுநாள் காலையில் முழங்கை வரைக்கும் போனது. கிராம சேவகரிடம் ஓடினேன், எல்லாத் தோட்டத்திலும் இதே முறைப்பாடு, சரிவைப் பார்க்க அதிகாரிகள் வர நாளாகும் என்றார். பங்குச் சுவாமிக்குப் போன் போட்டேன், "உபதேசியார், பக்கத்துல இருக்கிறது நீங்கதான், சரின்னு பட்டதச் செய்யுங்க, எங்க சொன்னாலும் வந்து பூசை வைக்கிறேன்" என்றார். அன்று மாலை நோவினைச் செபத்தை வெளியிலேயே சொல்லி முடித்துக் கதவைப் பூட்டினேன், ஞாயிறு திருவிழாப் பூசை கீழே பள்ளிக்கூட மண்டபத்தில் என்றேன். ஜெஸ்டின் மாமா எல்லார் முன்னாலும், "இருபது வருஷமா எங்களுக்கு விசுவாசம் சொல்லிக் குடுத்தவருக்கே சவேரியார் மேல நம்பிக்கை இல்லையா" என்று கேட்டார். நான் சாவியைக் கொண்டுபோய் வீட்டு ஆணியில் மாட்டினேன். அம்மாவும் அவர் பக்கம்தான், அவளுடைய அப்பா கல் சுமந்து கட்டிய கோயில் அல்லவா.

ஞாயிறன்று சனம் சேர்ந்தாயிற்று, பாட்டைத் தொடங்க வேண்டிய அம்மாவைக் காணோம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ஷிரோமிதான் சொன்னாள், "அத்தை சாவிய எடுத்துக்கிட்டு மேல போனாங்க, சவேரியார் சுரூபம் இல்லாம என்ன திருவிழான்னாங்க" என்று. கொட்டுகிற மழையில் ஓடினேன், படியில் இரண்டு தரம் விழுந்தேன். கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே அம்மா நாற்காலி மேல் ஏறிச் சவேரியாரைத் தனியாகத் தூக்கப் பார்க்கிறாள், பீடத்துச் சுவரின் அடியில் செம்மண் தண்ணீர் கசிந்து அவள் காலடி வரைக்கும் ஓடிவருகிறது. என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது மகள். பெண்சாதி உள்ளே, நான் வெளியே. அருள் நிறைந்த மரியே செபத்தில் பாதி சொல்லியிருப்பேன், அதற்கு மேல் வார்த்தை மறந்துபோயிற்று. அவள் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, ஒரு கை குடுங்க" என்றாள். எப்படிப் போனேன் என்று தெரியாது, போனேன். இரண்டு பேருமாகச் சுமந்து இறங்கினோம், பூசை நடந்தது, சனம் அழுதுகொண்டே சுரூபத்தைத் தொட்டு முத்தமிட்டது.

சரிவு இன்னும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். இப்போது கோயிலைத் திறக்கச் சொல்லி வாசலில் வந்து நிற்கிறார்கள், நாம் குடியிருக்கிற லயமும் அதே சரிவுக்குக் கீழேதான் இருக்கிறது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. தகரத்தில் மழை விழுந்தால் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடத் தயாராக உட்கார்ந்துவிடுகிறேன். அதிகாரிகள் வந்து பார்க்கும் வரைக்குமாவது பண்டாரவளையில் அற்புதராஜ் சித்தப்பா வீட்டில் இருப்போம் என்றால் அம்மா, "சவேரியார் பாத்துக்குவாரு, பயமா இருந்தா நீங்க போங்க" என்கிறாள். அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்.

ஞாயிறு பூசையை விடாதே, வெயிலில் வேலை என்றால் தண்ணீர் நிறையக் குடி. ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், மாதா உன்னோடு இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இது கைக்கு வந்த உடனே அம்மாவுக்குப் போன் எடு. நான் எழுதியதைச் சொல்லாதே. எனக்குப் பயம் என்றால் அவள் சிரிப்பாள், உனக்குப் பயம் என்றால் பெட்டியைக் கட்டுவாள். அழத் தோன்றினால் அடக்காமல் அழு மகள், அவள் கேட்கட்டும்.

உன் அப்பா,
ஜொனி