பவர் ஸ்டீயரிங் வந்த வருஷம்

பிப்ரவரி 9, திங்கள்

காலையிலேயே வெயில். சிங்காநல்லூர் முழுக்கப் புழுதி. துணி காயப்போட்டது வீண்.

புது விதிகள் வந்துவிட்டன. எங்கள் ரேஸ் டீமின் என்ஜினியர் பீட்டர் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். இந்த சீசனிலிருந்து எல்லா டீமின் கார்களிலும் பவர் ஸ்டீயரிங் கட்டாயம். (இனி ப.ஸ். முழுதாக எழுதக்கூடப் பிடிக்கவில்லை.) திருப்பும் கைக்கு அது எவ்வளவு உதவி செய்யும் என்பதை யாரும் மாற்றக் கூடாது, அதன் கன்ட்ரோல் பெட்டிக்கு சீல். டயர் அகலமாகிவிட்டது, கார் கனமாகிவிட்டது, அதனால்தானாம்.

படித்து முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓனர் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "இனி நம்ம அம்மணிக்குக் கவலையே இல்லீங்க. காரு வெண்ணெயாட்டந் திரும்பும்."

சிரித்து வைத்தேன். வெண்ணெய் இல்லாத காரில் போன சீசன் இந்த டீமுக்கு அதிகக் கோப்பை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஓனர் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். இந்த வருஷம் டீமுக்கு ஒரே கார்தான். ஓட்டப்போவது நானா, டீமின் இன்னொரு டிரைவர் கதிரா என்பது மாதக் கடைசி டெஸ்டில் முடிவாகும்.

வாங்க வேண்டியது: பால், குக்கர் வாஷர், தைலம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காங்கேயத்திலிருந்து அம்மா போன். "உனக்கோசரமே சட்டத்த மாத்திப்போட்டாங்களாமா கண்ணு. இனி கை வலிக்குதுன்னு பொலம்ப மாட்டீல்ல."

நான் எந்தக் காலத்தில் புலம்பினேன்?

பிரபுவின் லேத் பட்டறை மூலையில் ஒரு பழைய ஸ்டீயரிங் நிற்கிறது. கல்யாணமான புதிதில் அவரே செய்து கொடுத்தது. தண்டில் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டுத் தினமும் சாயங்காலம் திருப்புவேன். பட்டறை ஆட்கள் முதலில் சிரித்தார்கள். ஒருநாள் ஆளுக்கொரு தடவை திருப்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஆனால் விஷயம் கைப் பலம் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். முன் டயர் பிடியை விடப்போகும்போது ஸ்டீயரிங் ஒரு நொடி இலேசாகும். அந்த இலேசு என் உள்ளங்கைக்கு மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. மல்லுக்கட்டாமல் பிடிக்கிறவளுக்குத்தான் தெரியும். அப்படிப் பிடிப்பதற்குத்தான் அத்தனை இரும்பு.

ப.ஸ். இருந்தால் ஸ்டீயரிங் எப்போதும் ஒரே கனம். டயர் பேசுவது கைக்கு வராது.

எனக்காக மாற்றிய சட்டமாம்.

பிப்ரவரி 14, சனி

முதல் ஓட்டம். டிராக்கில் கானல் ஆடியது. பாட்டில் தண்ணீர் கொதித்தது.

மானம் போயிற்று. கொண்டை ஊசி வளைவில் என் கை பழைய பலத்தோடு திருப்பிவிட்டது. இத்தனை வருஷம் இரும்பு தூக்கிய கை. கார் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. அடுத்த லேப்பில் ஜாக்கிரதையாகத் திருப்பினேன். முன்பக்கம் வழுக்கியது தெரியாமல் நேராக மண்ணுக்குள் போனேன்.

கதிர் என்னைவிட நல்ல வேகம். போன வருஷம் பாதி ரேஸிலேயே அவன் தோள் தளர்ந்துவிடும், நான் தாண்டிவிடுவேன். இன்று கடைசி வரை ஒரே சீர்.

தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, இப்பத்தான் எனக்கு யோசிக்கவே நேரங் கெடைக்குதுங்க. முன்னெல்லாம் கையோட சண்ட கட்டறதுக்கே செரியா இருந்துச்சு."

உண்மையைத்தான் சொன்னான். அவன் பிரேக் பிடிக்கும் அழகு எனக்கு எப்போதும் தெரியும். தோள்தான் அதை மறைத்து வைத்திருந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

டயர் அடுக்குக்குப் பின்னால் மெக்கானிக் யாரோ: "பவர் ஸ்டீயரிங் வெச்சுங்கூட அம்மணியால முடியலீங்களே."

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

மேகம். தூறல்கூட இல்லை.

கார் ஓடியதைப் பதிவுசெய்த கோடுகளைப் பீட்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். வழுக்க ஆரம்பித்த பிறகு நான் சுதாரிக்க ரொம்ப நேரம் எடுக்கிறேன். கதிர் அப்படியில்லை.

"நீங்க கை சொல்லுமுன்னு காத்துட்டு இருக்கறீங்க்கா. கை இனிமேல் ஒண்ணுஞ் சொல்லாதுங்க."

"பின்ன எது சொல்லும்?"

"தெரீலீங்க்கா. ஓட்டறது நீங்கதான?"

அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம். ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு. பிரபு தட்டைப் பார்த்துக்கொண்டே, "விட்டுப்போடலாமா கவி?" என்றார். ஆறுதலாகத்தான் கேட்டார். நான் எழுந்து போய்விட்டேன்.

இந்த விதியை எழுதியவர்கள் யாரும் என்னை நினைத்து எழுதவில்லை. எனக்கு நல்லதும் நினைக்கவில்லை, கெட்டதும் நினைக்கவில்லை. திறமை எங்கேயும் போகவில்லை, வீடு மாறிவிட்டது. எனக்கு விலாசம் சொல்லாமல் மாறிவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 18, புதன்

லைசென்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போட ஓனர் அண்ணனின் பெருந்துறை ஃபேக்டரிக்குப் போக வேண்டியிருந்தது. காரைப் பிரபு எடுத்துப் போய்விட்டார். பேச்சுவார்த்தை இல்லாததால் கேட்கவும் இல்லை. பஸ்.

எனக்குக் கிடைத்தது கடைசி சீட். மெத்தை கிழிந்து பஞ்சு போய், வெறும் பலகை. டிரைவர் புண்ணியவான், வளைவில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. திட்டிக்கொண்டே வந்தேன். அவிநாசி தாண்டி ஒரு வளைவில் பின் டயர் மணலில் நழுவியது எனக்குத் தெரிந்தது. கையில் இல்லை, கை கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. இடுப்பில்.

பக்கத்து அம்மா: "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு."

நன்றாக இருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 21, சனி

பீட்டரிடம் சொன்னேன்: என் சீட்டிலிருக்கும் ஃபோம் மெத்தையை எடுத்துவிடுங்கள். தலைக்கும் தோளுக்கும் இருப்பது இருக்கட்டும், அடியில் இருப்பது வேண்டாம்.

"அக்கா, எலும்பு போயிருமுங்க."

"ரூல்ல இருக்குதா பாருங்க."

தேடினார். அடியில் ஃபோம் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. போன திங்களன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை மறந்தே விட்டாராம். பொய்.

முதல் லேப்பில் கண்ணில் தண்ணீர். ஆனால் தெரிகிறது. முன்பக்கம் வழுக்கினால் இடுப்பு திரும்பத் தாமதிக்கிறது. பின்பக்கம் போனால் முன்கூட்டியே சுண்டுகிறது. ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளப் பழகினேன். கை இனி வேலைக்காரி, எஜமானி இல்லை.

இன்னும் கதிரைவிட மெதுவு. ஆனால் மண்ணுக்குள் போகவில்லை.

வால் எலும்புப் பக்கம் கன்றிப்போயிருக்கிறது. பிரபு தைலம் தேய்த்துவிட்டார். நானும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

டெஸ்ட். காலையில் கொஞ்சம் காற்று, அப்புறம் அதுவும் இல்லை.

ரேஸ் தூரம் முழுக்க ஓட்ட வேண்டும். கதிர் முதலில். நன்றாகவே ஓட்டினான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்து நான். பாதிக்கு மேல் வலியில் பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் விண்ணென்று தெறிக்கிறது. கடைசி லேப்களில் டயர் தேய்ந்ததும் அவன் ஊகித்து ஓட்டியிருக்கிறான், நான் தெரிந்து ஓட்டியிருக்கிறேன். பீட்டரின் கோட்டில் அப்படியே இருக்கிறது. நான் வேகம். கொஞ்சம்தான், ஆனால் வேகம்.

கதிர் வந்து கை கொடுத்தான். "நல்லா ஓட்டுனீங்க்கா." சாப்பிடாமல் போய்விட்டான்.

ஓனர் அண்ணன் கைதட்டினார். "நான் அப்பவே சொன்னனில்லீங்க? பவர் ஸ்டீயரிங் வந்தா அம்மணி பறக்குமுன்னு."

பீட்டர் எதையோ சொல்ல வந்து என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ஃபோம் விஷயம் மற்ற டீமுக்குத் தெரிந்தால் எல்லோரும் கழற்றிவிடுவார்கள்.

ஆகவே: தோற்றால் ப.ஸ். இருந்தும் முடியவில்லை. ஜெயித்தால் ப.ஸ். இருந்ததால் முடிந்தது. இதில் நான் எங்கே இருக்கிறேன்? கோபமாக இருக்கிறது. ஜெயித்த நாளில் இவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவில்லை.

பிப்ரவரி 28, சனி

நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

ஒப்பந்தம் போட வரச் சொன்னார்கள். போனால் கேமரா. ஓனர் அண்ணன் டீமின் இணையப் பக்கத்தில் போட ஒரு வீடியோ வேண்டும் என்றார். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதியே வைத்திருந்தார்: பவர் ஸ்டீயரிங் வந்ததால்தான் என்னைப் போன்ற பெண்களும் இந்தக் காரை ஓட்ட முடிகிறது.

"வேற ஏதாச்சுஞ் சொல்லட்டுங்களாண்ணா?"

"இதே நல்லாருக்குதம்மணி. சொல்லிப்போடு, கையோட கையெழுத்தப் போட்டரலாம்."

கதிரையும் வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் டிரைவர் பெயர் எழுதும் இடம் இன்னும் காலி. ஓரமாக, ஹெல்மெட்டோடு நின்றிருந்தான்.

சொன்னேன். இரண்டு தடவை. முதல் தடவை காற்றுச் சத்தம் விழுந்துவிட்டதாம்.